ஹங், ஹேங்ட்: ஓர் ஆங்கில வினைக்கு இரண்டு இறந்தகாலம் ஏன்?

மரண தண்டனை குறித்த வழக்கு ஒன்று செய்தியாகும்போது, ஆங்கில நாளிதழ்கள் குற்றவாளி தூக்கிலிடப்பட்டதை ‘ஹேங்ட்’ என்று எழுதுகின்றன. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தல் முடிவு வந்தால், அதே நாளிதழ்கள் ‘ஹங் அசெம்ப்ளி’ என்று தலைப்பிடுகின்றன. இரண்டும் ‘ஹேங்’ என்னும் ஒரே வினையின் இறந்தகால வடிவங்களே. ஒரு வினைக்கு ஓர் இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்து பழகியவர்களுக்கு இது குழப்பத்தைத் தருகிறது. இரண்டில் ஒன்று அச்சுப்பிழையாக இருக்குமோ என்று எண்ணுவோரும் உண்டு. பிழை எதுவும் இல்லை. இன்று ஒரே வினையாகத் தெரியும் இச்சொல், ஒரு காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வினைகளாக இருந்தது என்பதே இந்த இரட்டை வடிவத்துக்குக் காரணம்.

வலியவையும் மெலியவையும்

ஆங்கில வினைகள் இறந்தகாலத்தைக் காட்டும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, வினையின் ஈற்றில் ‘இ, டி’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பது: வாக் என்பது வாக்ட் ஆகும், கால் என்பது கால்ட் ஆகும். இரண்டாவது, வினையின் நடுவில் உள்ள உயிரொலியை மாற்றுவது: சிங், சேங், சங் என்று வரும் பாடல் வினை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மொழிநூலார் முதல் வகையை மெலிவினை என்றும் இரண்டாம் வகையை வலிவினை என்றும் அழைப்பர். ஈற்றின் துணையின்றித் தன் உயிரொலியை மாற்றியே காலம் காட்டிவிடுவதால் வலிவினை என்று பெயர். இலக்கணத் தகுதியில் இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை.

‘ஹேங்’ இரண்டு வழிகளிலும் செல்கிறது. ‘ஹங்’ என்பது உயிரொலி மாறிய வடிவம்; ‘ஹேங்ட்’ என்பது ஈறு சேர்ந்த வடிவம். பள்ளியில் இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று பிரித்துக் கற்பிக்கப்படும் இறந்தகால முற்றும் இறந்தகால எச்சமும் இந்த வினையில் வேறுபடுவதில்லை. ஹேங், ஹங், ஹங் என்பது ஒரு வரிசை. ஹேங், ஹேங்ட், ஹேங்ட் என்பது மற்றொரு வரிசை. இவற்றுக்கிடையே பொருள் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

பள்ளிச் சூத்திரத்தில் உள்ள ஓட்டை

‘மனிதருக்கு ஹேங்ட், பொருளுக்கு ஹங்’ என்று ஒரு சூத்திரம் வகுப்பறைகளிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. நினைவில் நிறுத்த எளிது. ஆயினும் பாதிதான் சரி. மரத்திலேறிய சிறுவன் கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கினான் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால், சிறுவன் மனிதன்தான் என்றாலும் ‘ஹங்’ என்றே சொல்ல வேண்டும். பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு சென்ற பயணியும், தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டு வதைக்கப்பட்ட கைதியும் அவ்வாறே. அங்கே ‘ஹேங்ட்’ என்று எழுதினால் அவர்கள் இறந்துவிட்டதாகப் பொருள்படும்.

ஆகவே, பிரிவு மனிதர்க்கும் பொருளுக்கும் இடையில் இல்லை. நோக்கத்திலும் விளைவிலும் இருக்கிறது. கழுத்தில் கயிறிட்டு உயிர் போக்குவது என்னும் ஒரே பொருளுக்கு ‘ஹேங்ட்’. அது தண்டனையாக இருந்தாலும், கும்பலின் கொலையாக இருந்தாலும், ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாக இருந்தாலும் வடிவம் இதுவே. மற்ற எல்லாப் பொருளுக்கும் ‘ஹங்’. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதையும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதையும் ஆங்கிலத்தில் எழுதுபவர் முறையே ‘வாஸ் ஹேங்ட்’, ‘வேர் ஹேங்ட்’ என்றுதான் எழுத வேண்டும். கட்டபொம்மனின் படம் சுவரில் மாட்டப்பட்டது என்றால் ‘வாஸ் ஹங்’. இந்த இரண்டாம் தொடரில் பிழை நேர்ந்தால் யாரும் பெரிதாகக் கலங்கப்போவதில்லை. முதல் தொடரில் நேரும் பிழை, கவனமாகப் படிப்பவரின் கண்ணை உறுத்தும்.

மூன்று ஓடைகள் ஒன்றான விதம்

இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. அது உருவான வழியைப் படிப்படியாகக் காணலாம்.

1. பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டுக்கு முன், ‘ஹோன்’ என்றொரு வினை இருந்தது. ஒன்றைத் தொங்கவிடு, மாட்டு என்பது அதன் பொருள்; செயப்படுபொருள் வேண்டும் வினை அது. வலிவினையாதலால் அதன் இறந்தகாலம் உயிரொலி மாற்றத்தால் அமைந்தது.

2. அதே காலத்தில் ‘ஹாங்கியன்’ என்று இன்னொரு வினையும் இருந்தது. தானே தொங்கு என்பது அதன் பொருள். செயப்படுபொருள் வேண்டா வினை. இது மெலிவினை. இதன் இறந்தகாலம் ‘ஹாங்கொதெ’ போன்று ஒலித்தது. இன்றைய ‘ஹேங்ட்’ வடிவத்தின் ஈறு இந்த வழியில் வந்ததே.

3. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்காண்டிநேவியர் குடியேறினர். அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியில் தொங்கவிடுதலைக் குறிக்க ‘ஹெங்யா’ என்ற வினை இருந்தது. வடபகுதி ஆங்கிலத்தில் அதுவும் கலந்தது.

4. இடைக்கால ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒலியால் நெருங்கிப் பொருளாலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தொங்குவதற்கும் தொங்கவிடுவதற்கும் தனித்தனி வினை என்ற வேறுபாடு கரைந்தது. நிகழ்காலத்தில் ஒரே ‘ஹேங்’ எஞ்சியது. இறந்தகாலத்தில் மட்டும் பல வடிவங்கள் போட்டியிட்டன.

5. வடக்கில், நார்ஸ் வழிவந்த வடிவத்தைப் பேசியவர்கள் அதைச் ‘சிங், சேங், சங்’ வரிசையோடு ஒப்பவைத்து ‘ஹங்’ என்னும் புதிய வடிவத்தை உண்டாக்கினர். அது தெற்கு நோக்கிப் பரவி, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொதுவழக்கில் காலூன்றியது.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஒழுங்கற்ற வடிவங்கள் எல்லாம் மிகப் பழையவை, ஒழுங்கான வடிவங்கள் பின்னால் வந்தவை என்பது பொதுவான நம்பிக்கை. இங்கே நடந்தது தலைகீழ்: ஒழுங்கானதாகத் தோன்றும் ‘ஹேங்ட்’ முன்னது, ஒழுங்கற்ற ‘ஹங்’ பின்னது. தோண்டுதலைக் குறிக்கும் ‘டிக்’ என்ற வினையின் இறந்தகாலமும் இப்படித்தான். முன்பு ‘டிக்ட்’ என்றிருந்தது, இன்று ‘டக்’. ஸ்ட்ரிங் என்பதன் ‘ஸ்ட்ரங்’ வடிவமும், அமெரிக்க ஆங்கிலத்தில் ஸ்னீக் என்பதற்கு வழங்கும் ‘ஸ்னக்’ வடிவமும் இதே உயிரொலியை நாடி வந்தவை. இந்த ஒலிக்கு அப்படியொரு ஈர்ப்பு.

மாற்றத்தின் நடுவழியை 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் கால ஆங்கில விவிலியத்தில் காணலாம். 137ஆம் சங்கீதத்தில், பாபிலோன் ஆற்றங்கரையில் சிறைப்பட்டோர் தங்கள் கின்னரங்களை மரங்களில் மாட்டிய செய்தி வருகிறது; அங்கே இருப்பது ‘ஹேங்ட்’. எஸ்தர் ஆகமத்தில் ஆமான் தூக்கிலிடப்பட்டதற்கும் ‘ஹேங்ட்’. இசைக்கருவிக்கும் குற்றவாளிக்கும் ஒரே வடிவம். புதிய வடிவம் பேச்சில் பரவிவிட்ட பின்னும் சமய நூலின் நடை பழையதைப் பற்றிக்கொண்டிருந்தது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகளில் கின்னரம் ‘ஹங்’ ஆகிவிட்டது.

நீதிமன்றம் பழையதை விடாத காரணம்

‘ஹங்’ எல்லாப் பொருளையும் கைப்பற்றியபோது, மரண தண்டனைப் பொருள் மட்டும் தப்பியது ஏன்? தண்டனையை அறிவிக்கும் வாசகம் நீதிபதியின் வாயிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் வர வேண்டியதாக இருந்தது. கழுத்தில் கயிறிட்டு, உயிர் பிரியும் வரை தூக்கிலிடப்பட வேண்டும் என்ற அந்த வாசகத்தில் இருந்த வடிவம் ‘ஹேங்ட்’. ஒரு சொல் மாறினாலும் தண்டனையின் செல்லுபடி கேள்விக்குள்ளாகுமோ என்ற அச்சம் சட்டத்துறைக்கு எப்போதும் உண்டு. பத்திரப்பதிவு மொழியைப் படித்தவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. தெருவில் பேச்சு மாறிய பின்னும் நீதிமன்ற வாசகம் மாறவில்லை. காலப்போக்கில், அந்த வடிவத்தைக் கேட்டாலே தூக்குமேடை நினைவுக்கு வரும் அளவுக்கு அது அப்பொருளோடு ஒட்டிக்கொண்டது.

அரசத் துரோகத்துக்கு இங்கிலாந்தில் விதிக்கப்பட்ட கொடிய தண்டனை ஒன்றின் பெயரும் இந்த வடிவத்தை நிலைநிறுத்தியது. ‘ஹேங்ட், ட்ரான் அண்ட் குவார்ட்டர்ட்’ என்பது அதன் பெயர்; குற்றவாளியை இழுத்துச் சென்று, தூக்கிலிட்டு, உடலை நான்காகக் கூறுபோடும் தண்டனை அது. 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முறையாக ஒழிந்தது. 1660 அக்டோபர் 13 அன்று லண்டனில் ஹாரிசன் என்னும் படைத்தலைவருக்கு இத்தண்டனை நிறைவேற்றப்பட்டதை நேரில் பார்த்த சாமுவேல் பெப்பிஸ், தம் நாட்குறிப்பில் ‘ஹேங்ட்’ என்றே எழுதினார். இன்று லண்டன் கோபுரத்துக்கு அருகில் இத்தண்டனையின் பெயரைத் தாங்கிய மதுவிடுதி ஒன்று உள்ளது. அதன் பெயரில் இருப்பதோ ‘ஹங்’.

இந்தியச் சட்டம் ஆங்கிலேயர் காலத்து வாசகத்தை அப்படியே தொடர்கிறது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 354, உட்பிரிவு 5, மரண தண்டனை விதிக்கும் தீர்ப்பு, குற்றவாளி இறக்கும் வரை கழுத்தில் தூக்கிலிடப்பட வேண்டும் என்று பணிக்க வேண்டும் என்றது. அங்கிருந்த ஆங்கிலச் சொல் ‘ஹேங்ட்’. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் பிரிவு 393இல் அந்த வாசகம் இடம்பெற்றுள்ளது. தூக்கிலிடும் முறை அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1983இல் தீனா வழக்கில் தீர்ப்பளித்தது. மாற்று முறை கோரும் பொதுநல வழக்கு 2017இல் தொடுக்கப்பட்ட பின், இந்தச் சொல் மீண்டும் அடிக்கடி செய்திகளில் தென்படுகிறது. இச்செய்திகளை மொழிபெயர்ப்போருக்கு, வடிவம் எது என்பது இலக்கண ஆர்வம் மட்டும் அன்று. சட்டச் சொல்லைச் சட்டச் சொல்லாகவே கையாளும் பொறுப்பும் ஆகும்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமா?

அவ்வளவாக இல்லை. பழைய ஆங்கிலத்தில் தானே தொங்குவதற்கு ஒரு வினையும் தொங்கவிடுவதற்கு இன்னொரு வினையும் இருந்ததைப் போல, தமிழில் தூங்கு, தூக்கு என்னும் இணை உண்டு. அடங்கு, அடக்கு, நீங்கு, நீக்கு, முடங்கு, முடக்கு என்று வரும் தன்வினை, பிறவினை வரிசையில் அடங்குவது இது. தூங்கு என்பதற்கு இன்று உறங்கு என்ற பொருளே முன்னிற்கிறது. பழந்தமிழில் தொங்கு, அசை என்பதே அதன் பொருள். ‘தூங்கெயில் எறிந்த’ சோழன் என்னும்போது எயில், அதாவது கோட்டை, உறங்கவில்லை, வானில் தொங்குகிறது. தூங்கணாங்குருவியின் பெயர், தொங்கும் அதன் கூட்டை நினைவூட்டுகிறது. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று தொடங்கும் குறளில் இச்சொல்லுக்குக் காலம் தாழ்த்துதல் என்று பொருள். தொங்குவதிலிருந்து தாமதத்துக்குப் பொருள் செல்லும் இதே பாதையில் ஆங்கிலமும் சென்றிருக்கிறது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

ஒரே தோற்றமுள்ள வினை, பொருளுக்கேற்ப இரண்டு இறந்தகாலம் பெறுவதும் தமிழுக்குப் புதிதன்று. கண்ணாடி உடைந்தது, அவன் உடைத்தான். பணம் சேர்ந்தது, அவன் சேர்த்தான். இவற்றைக் கூடத் தன்வினை, பிறவினை என்று வகைப்படுத்திவிடலாம். ‘வை’ என்னும் வினையோ இன்னும் நெருக்கமான ஒப்புமை. விளக்கை மாடத்தில் வைத்தான் என்றால் இருத்தினான் என்று பொருள்; வாய்க்கு வந்தபடி வைதான் என்றால் திட்டினான் என்று பொருள். ஏவலில் இரண்டும் ‘வை’தான். இறந்தகாலத்தில்தான் அவை தனித்தனி என்று தெரிகிறது. ‘வைத்தான்’ எங்கே, ‘வைதான்’ எங்கே என்று தமிழ்க் குழந்தைக்கு யாரும் சூத்திரம் சொல்லித் தருவதில்லை.

ஆனால் தூக்கிலிடுதலைப் பிரித்துக்காட்டத் தமிழ் இறந்தகால வடிவத்தை நாடவில்லை. வேறு சொல்லைச் சேர்த்தது. பெட்டியைத் தூக்கினான், படத்தைத் தொங்கவிட்டான், குற்றவாளியைத் தூக்கிலிட்டான் என்று மூன்றும் வெவ்வேறாக நிற்கின்றன. இதனால்தான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்பவர் தடுமாறுகிறார்: தமிழ் சொல்லில் வைத்திருக்கும் வேறுபாட்டை ஆங்கிலம் காலத்தில் மட்டும் வைத்திருக்கிறது. நிகழ்காலத்தில் இரண்டுக்கும் ‘ஹேங்’ ஒன்றே.

‘ஹங்’ சென்ற இடங்கள்

அரசியலில்தான் இவ்வடிவம் அதிகம் ஒலிக்கிறது. ஹங் என்பதற்கு முடிவெடுக்க இயலாமல் அந்தரத்தில் நிற்கும் என்றொரு பொருள் உண்டு. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாதபோது ‘ஹங் ஜூரி’ என்று அமெரிக்க வழக்கில் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார்கள். பிரிட்டனில் 1974 பிப்ரவரித் தேர்தலில் தொழிற்கட்சி 301 இடங்களும் பழமைவாதக் கட்சி 297 இடங்களும் பெற்று, 635 உறுப்பினர் கொண்ட அவையில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போன காலத்தை ஒட்டி ‘ஹங் பார்லிமென்ட்’ என்ற தொடர் பரவலானது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் தி.மு.க. 234 இடங்களில் 96 மட்டுமே பெற்றது. தனிப்பெரும்பான்மைக்கு 118 தேவை. அத்தகைய நிலையைத் தமிழ் இதழ்கள் தொங்கு சட்டமன்றம் என்கின்றன.

இந்த மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலம் இறந்தகால எச்சத்தைப் பயன்படுத்துகிறது. தமிழோ ‘தொங்கிய’ என்றோ ‘தொங்கவிடப்பட்ட’ என்றோ எழுதாமல், ஊறுகாய், சுடுசோறு போலக் காலம் கரந்த வினைத்தொகையாகத் ‘தொங்கு சட்டமன்றம்’ என்று வைத்துக்கொண்டது. முதலில் மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும் காது நன்றாக இருந்திருக்கிறது. ‘தொங்கவிடப்பட்ட சட்டமன்றம்’ என்று எழுதியிருந்தால் வாசகர் சபாநாயகரைத் தேடிக் கூரையைப் பார்த்திருப்பார்.

கணினித் துறையிலும் வடிவம் ‘ஹங்’ என்பதே. இயந்திரம் அடுத்த கட்டளைக்குச் செல்லாமல் அப்படியே நின்றுவிடுவது, மேற்சொன்ன அந்தரப் பொருளின் தொடர்ச்சி. தமிழ்ப் பேச்சில் ‘கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது’ என்கிறோம். ஆங்கில வினையைப் பெயர்போல நிறுத்தி, காலம் காட்டும் சுமையை ‘ஆகு’ என்னும் துணைவினையின் தலையில் ஏற்றிவிடுவதால், அதன் இறந்தகாலம் என்ன என்ற கேள்வியே தமிழில் எழுவதில்லை. அலுவலக மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல். அங்கே ‘தி சிஸ்டம் ஹேங்ட்’ என்று எழுதுவது, இயந்திரம் தூக்கிலிடப்பட்டது போன்ற தொனியைத் தரும். ‘தி சிஸ்டம் ஹங்’ என்பதே தரமான வடிவம்.

தொலைபேசி உரையாடலை முடித்ததைச் சொல்லும் ‘ஹங் அப்’, சுவரில் பொருத்திய பழைய தொலைபேசியின் கொக்கியில் காதுக்குழலை மாட்டிய செயலிலிருந்து வந்தது. துப்பாக்கியின் விசையை இழுத்த பின்னும் வெடிமருந்து உடனே பற்றாமல் தாமதிப்பதை ‘ஹேங் ஃபயர்’ என்பர். அதிலிருந்து, ஒரு முடிவைத் தள்ளிப்போடுதல் என்ற பொருளும் வந்தது. குறளில் ‘தூங்கு’ வந்து சேர்ந்த இடம் இதுதான். நிலுவையில் இருப்பதைக் குறிக்கும் ‘பெண்டிங்’ என்ற சொல்லின் மூலமும், தொங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையே. ஹேங் அவுட், ஹேங் ஆன், ஹேங் அரவுண்ட் ஆகிய கூட்டுவினைகளும், ஓவர்ஹேங் போல முன்னொட்டுப் பெற்றவையும் விலக்கின்றி ‘ஹங்’ வடிவத்தையே ஏற்கின்றன. விமானம் நிறுத்தும் கொட்டகையான ‘ஹேங்கர்’ ஒலியால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது போலத் தோன்றினாலும், அது பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். சட்டை மாட்டும் ஹேங்கர்தான் இக்குடும்பத்து உறுப்பினர்.

கோடு மங்கும் இடங்கள்

தூக்கிலிடுதலுக்கு ‘ஹங்’ என்று எழுதுவது முழுப்பிழையா? தரமான உரைநடையில் தவிர்க்க வேண்டியது என்பதே பெரும்பாலான இதழ்களின் நடைக்கையேடுகள் சொல்வது. ஆயினும் நல்ல எழுத்தாளர்கள் பலர் நூற்றாண்டுகளாக அப்படியும் எழுதியிருக்கிறார்கள். அகராதிகளும் அதைப் பதிவு செய்கின்றன. பேச்சு வழக்கில் அது மிகச் சாதாரணம். எனவே, தேர்விலும் செய்தியிலும் சட்ட ஆவணத்திலும் ‘ஹேங்ட்’ என்று எழுதுவது பாதுகாப்பானது. பிறர் பேச்சில் ‘ஹங்’ என்று கேட்டால் திருத்தப் புறப்படுவது தேவையற்றது. எதிர்த்திசைப் பிழைக்கு இந்தச் சலுகை கிடையாது. படத்தையோ சட்டையையோ ‘ஹேங்ட்’ என்று எழுதினால் இக்கால ஆங்கிலத்தில் அதைத் தாங்கிப் பேச ஆளில்லை.

உருவபொம்மை ஓர் இடைநிலை. போராட்டக்காரர்கள் ஒரு தலைவரின் உருவபொம்மையைத் தூக்கிலிட்டால், அதற்கு உயிரில்லை என்பதால் ‘ஹங்’ என்று எழுதுவோர் உண்டு; செயல் தூக்குத் தண்டனையை நடித்துக் காட்டுவது என்பதால் ‘ஹேங்ட்’ என்று எழுதுவோரும் உண்டு. நோக்கத்தை வைத்துப் பிரிக்கும் விதியைப் பின்பற்றினால் இரண்டாவதே பொருத்தம். அதே பொம்மை மறுநாள் காலைவரை விளக்குக் கம்பத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது என்று அடுத்த வரியில் எழுத நேர்ந்தால், அங்கே ‘ஹங்’.